சாம்பல் நிறப் படிகள்

கடைசிப் படி இறங்கிவிட்டேன் என்று நினைத்துக் காலை எடுத்து வைத்தேன். இன்னும் ஒன்று இருந்தது. வாளியோடு விழுந்தேன். சோப்புத் தண்ணீர் கீழ்ப் படிகளிலெல்லாம் தெறித்தது. இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

எல்லாம் என் வீட்டுக்காரர் கைவண்ணம். ஆயுசு முழுக்க பெயின்டர். ‘இணைப்பு தெரியக் கூடாது, அதுதான் வேலை’ என்று பீற்றிக்கொள்வார். போன வாரம் படிகளுக்கும் தரைக்கும் ஒரே சாம்பல் நிறத்தை வழவழவென்று அடித்துவிட்டார். என் கண்ணுக்கு இப்போதெல்லாம் நிறம் மாறினால்தான் விளிம்பு தெரியும். சொல்லிப் பார்த்தேன். “அழகா இருக்கா இல்லையா, அதச் சொல்லு” என்றார்.

அவர் மாடியில் ஜன்னலுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். “என்னங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெயின்ட் பட்டுவிடும் என்று காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார். அது இல்லாவிட்டால், இடி விழுந்தாலும் யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்பார்.

வலி உயிரை எடுத்தது. மேலே ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டதும் வலியும் மறந்துபோனது. வேலை முடிந்துவிட்டது. இனி இறங்குவார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் டப்பா. கைப்பிடியைப் பிடித்தால் மனுஷனுக்குக் கௌரவம் குறைந்துவிடும். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்று விழுந்தாலே தெரியாதவருக்கு ஈரம் எங்கே தெரியப்போகிறது? குளியலறையில் விழுந்து எழுந்தபோதே, இன்னொரு தடவை விழுந்தால் நடமாட்டம் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வாளியைத் தரையில் மோதினேன். கைப்பிடிக் கம்பியைத் தட்டினேன். “வராதீங்க, கால வைக்காதீங்க” என்று அழுதேன். யாரிடம் சொல்கிறேன்?

மேலே அவர் உருவம் மங்கலாகத் தெரிந்தது. டப்பாவைப் பார்த்துக் கலக்கிக்கொண்டே வந்தார்.

படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் கம்பிக்கு வாங்கிய சிவப்பு பெயின்ட் இருந்தது. வழக்கம்போல் மூடாமல் வைத்திருந்தார். இதற்காக எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இன்று அந்தத் திறந்த டப்பாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து அதை எட்டிப் பிடித்தேன். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் படிகள் மேல் வீசினேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அடிப்பாவி! என்ன காரியம்டி பண்ணிட்ட? எவ்வளவு பாடுபட்டு அடிச்ச படி! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?”

நான் விழுந்து கிடப்பது அவர் கண்ணில் படவில்லை. சிவப்புதான் பட்டது.

“திட்டுங்க,” என்றேன், கேட்காது என்று தெரிந்தும். “நின்ன எடத்துலயே நின்னு திட்டுங்க.”

சிவப்பு மெல்ல வழிந்து கடைசிப் படியின் விளிம்புக்கு வந்தது. அப்போதுதான் அந்தப் படி என் கண்ணுக்குத் தெரிந்தது.

மேலே திட்டு நின்றுபோயிருந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.