பன்னிரண்டு நிமிடமும் இருபத்துநாலு லிட்டரும்

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு அய்யனார் கோயிலில் காதுகுத்து. எனக்கு இடப்பக்கத்து இலையில் இருந்த பெண் அங்கே யாருக்கும் உறவில்லை. பெயர் பிளெஸ்ஸி, ஊர் புதுக்கோட்டை, வேலை விமானம் ஓட்டுவது. கறிக்குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில், அன்று காலை நடந்ததைச் சொன்னார். நான் நல்லி எலும்பை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். கதைக்காக நான் செய்த ஒரே தியாகம் அதுதான்.

2

முதல் தொடக்கம்: "நீல வானில் ஒரு வெள்ளிப் பறவை

(வேண்டாம். நான் விமானத்தில் போனதே இல்லை. என் பெட்ரோல் அறிவு மொபெட்டை ரிசர்வில் திருப்புவதோடு சரி.)

இரண்டாவது தொடக்கம்: "செம்மல் கல்நெஞ்சக்காரர். தங்கை கல்யாணத்துக்குக்கூட

(இதுவும் வேண்டாம். சொன்னது உண்மைதான், ஆனால் அதோடு அவர் கதை முடிந்துவிடும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். செம்மல் ஹைதராபாத்தில் தொழிலதிபர். நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானம் சொந்தமாக வைத்திருக்கிறார்; அதை ஓட்டுவது பிளெஸ்ஸி. தங்கை மோகனப்ரியா தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டதால் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஐந்து வருடம் பேச்சும் இல்லை. இப்போது அவள் மகள் கார்முகிலுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். அவளே போன் செய்தாள்.

"புதன்கிழமை பன்னெண்டுக்குள்ள வந்துருண்ணே. அதுக்கு மேல ராகு காலம். நீ வரலேன்னா சித்தப்பா மகன் அடைக்கலம் மடியில வச்சுக் குத்திருவேன். அப்பறம் நீ யாரோ, நான் யாரோ."

3

சீர் இருபத்தொரு தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பிளெஸ்ஸி எல்லாவற்றையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். அறுபது கிலோ. விமானம் இவ்வளவுதான் சுமக்கும் என்று கணக்கு உண்டு. விளக்கு ஏறினால் வேறு ஏதாவது இறங்கியாக வேண்டும்.

"வெளக்க மட்டும் பின்னாடி கார்ல அனுப்பலாமா சார்?"

"தாய்மாமன் சீரும்மா. பெட்ரோலக் கொறை."

குறைத்தார். வேகமாகப் பறந்து திருச்சியில் இறங்கும் அளவு பெட்ரோல், அதற்கு மேல் கையிருப்பாக முக்கால் மணி நேரத்துக்கு. ஒரு சொட்டு கூடுதல் இல்லை.

4

தப்பு நடந்தது தரையில்தான்.

புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம். நம் வீடுகளில் என்ன செய்வோம்? அதற்கு முன்பே வண்டியைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து காப்பி குடிப்போம். புறப்பட்டதாகக் கணக்கு. (நானும் செய்திருக்கிறேன். காப்பி ஆறிப்போனது தவிர வேறு கெடுதல் நடந்ததில்லை.) செம்மல் ஏழு இருபத்தைந்துக்கு இன்ஜினைப் போடச் சொல்லி, விமானத்தைப் பத்தடி நகர்த்த வைத்தார். மேலே ஏற அனுமதி கிடைத்ததோ எட்டேகாலுக்கு.

"அணைச்சிட்டு அப்பறமாப் போட்டுக்கலாம் சார்."

"அணைச்சா மறுபடி போடுறது எமகண்டத்துல வந்துரும்ல?"

ஐம்பது நிமிடம் விசிறி நின்ற இடத்திலேயே சுற்றியது. பன்னிரண்டு லிட்டர் போய்விட்டது.

5

பிளெஸ்ஸி இலையில் ரசத்தைத் தொட்டு ஒரு மலை வரைந்தார்.

இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலை ஒரு சிவப்புக் குமிழ் கூட்டும், குறைக்கும். உள்ளே தள்ளினால் பெட்ரோல் தாராளம், வேகமும் அதிகம், மணிக்கு அறுபத்தைந்து லிட்டர். வெளியே இழுக்க இழுக்கப் புகையின் சூடு ஏறும், ஓர் உச்சியைத் தொடும், பிறகு இறங்கும். அந்த இறக்கத்தில் வைத்து ஓட்டினால் ஐம்பது லிட்டர் போதும், இன்ஜினும் சூடாகாது. திருச்சி வரை இருபத்துநாலு லிட்டர் மிச்சம், பன்னிரண்டு நிமிடம் தாமதம். அங்கிருந்து காரில் வரும் நேரத்தையும் சேர்த்தால், வேகமாகப் போனால் 11:57க்குக் கோயில், மெதுவாகப் போனால் 12:09.

உயரம் எட்டியதும் பிளெஸ்ஸி குமிழை இழுத்தார். பக்கத்து சீட்டில் இருந்த செம்மல் திரையில் போய்ச்சேரும் நேரம் தள்ளிப்போவதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அத உள்ள தள்ளு."

"தள்ளுனா கையிருப்புல கை வைக்கணும் சார். திருச்சியில எறங்க விடாம சுத்த விட்டா என்ன செய்யிறது?"

"சரி, நடுவுல ஒரு எடத்துல வையி. ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

"நடுவுலதான் சார் இன்ஜின் ரொம்பச் சூடாகும்."

பேரம் படியாத இடம் ஒன்று உண்டு என்பது செம்மலுக்கு அன்றுதான் தெரிந்தது. கையைக் குமிழுக்கு நீட்டினார். பிளெஸ்ஸி அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். செம்மல் கையை இழுத்துக்கொண்டார்.

6

இங்கே எனக்குப் பிளெஸ்ஸி மேல் சந்தேகம் வந்தது. முதலாளியிடம் இவ்வளவு தைரியமா? கேட்டேவிட்டேன்.

"தைரியமெல்லாம் இல்ல சார். கை நடுங்குச்சு. எங்கயாச்சும் வைக்கணும்ல, அது மேல வச்சேன்."

அதன்பிறகு அவரை முழுசாக நம்பினேன். செம்மல் அழுதாரா என்றும் கேட்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாராம். காரில் கொடும்பாளூர் தாண்டும்போது மட்டும், "அந்தப் பன்னெண்டு லிட்டர நாந்தாம்மா கொளுத்துனேன்" என்றாராம்.

7

முடிவு அ: பின்காற்று தள்ளிவிட்டது, 11:56க்கு வந்து சேர்ந்தார். (பொய். அன்று காற்றே இல்லை.)

முடிவு ஆ: இரண்டு காதும் அடைக்கலம் மடியிலேயே குத்தியாயிற்று. இருபத்தொரு தட்டும் வந்த வழியே

(எழுதும்போது எனக்கே தாங்கவில்லை.)

நான் கண்ணால் பார்த்தது இது. 11:55க்கு அடைக்கலம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆசாரி கார்முகிலின் இடது காதைக் குத்தி முடித்து, வலது பக்கம் நகர்ந்தார். மோகனப்ரியா குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள்.

"பன்னெண்டுக்குள்ள ஆரம்பிச்சாச்சுல்ல ஆசாரி? மத்தது மெதுவா நடக்கட்டும்."

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

12:09க்குக் கார் வந்தது. செம்மல் சீரை இறக்கச் சொல்லவில்லை. நேராக வந்தார். அடைக்கலம் எழுந்து இடம் விட்டார். செம்மல் உட்கார்ந்து மடியைச் சரி செய்துகொண்டு, "லேட்டாயிருச்சு தாயி" என்றார். காரணம் சொல்லவில்லை. மோகனப்ரியா அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆசாரி கையில் ஊசி.

அதற்கு மேல் நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஐந்து வருடக் கோபம் அவளுடையது, அதைத் தீர்த்துவைக்க நான் யார்? குழந்தை இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. இறக்கி அவர் மடியில் வைப்பதானால் நீங்கள்தான் வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு காது வலிக்கிறது, பார்த்து இறக்குங்கள்.