திரையில் கறுப்பாக இருந்த இடம்

நவம்பர் மாதப் பிற்பகலில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போன அந்தச் சிறிய விமானத்தில் ஸ்ரீவித்யா துணை விமானி. கேப்டன் கல்யாணம் இருபத்தெட்டு வருடங்களாகப் பறப்பவர்.

ரேடார் திரையில் முன்னால் பெரிய மழைத்திரள் ஒன்று சிவப்பாகக் கிடந்தது. அதற்குப் பின்னால், திருப்பனந்தாளுக்கு மேலே, திரை கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் மழை இல்லை. ஆனால் ரேடார் அலையைக் கனமழை விழுங்கிவிட்டால், பின்னால் என்ன இருந்தாலும் திரை கறுப்பாகத்தான் காட்டும்.

“சார், அது நிழலா இருக்கலாம். இன்னும் இருபது மைல் கடல் பக்கமா ஒதுங்கிடலாமே.”

“கறுப்பாத்தானேம்மா இருக்கு. சுத்திப் போனா பத்து நிமிஷம் போயிடும்.”

அவள் மறுபடி சொல்லவில்லை. பெல்ட் போடச் சொல்லும் மணியை அழுத்தக் கை எழுந்தது. அவர் தப்பாக நினைப்பாரோ என்று கையை இறக்கிக்கொண்டாள்.

சிவப்பின் ஓரத்தை உரசி அந்தக் கறுப்புக்குள் திரும்பியதும் விமானம் அப்படியே கீழே விழுந்தது. சில நொடிகள்தான். பின்னால், ஒரு பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பணிப்பெண் கலைமகள் கூரையில் மோதி, இருக்கையின் கைப்பிடிமேல் முதுகு பட விழுந்தாள். பத்திரமாகத் தரையிறங்கினார்கள். பயணிகள் நடந்து இறங்கினார்கள். இருபத்து நாலு வயதுக் கலைமகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

‘ரேடாரில் எதுவும் தெரியவில்லை’ என்று கேப்டன் அறிக்கை எழுதினார். ஸ்ரீவித்யாவும் அதில் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. தை மாதம் கலைமகளின் ஊரான வலங்கைமானுக்குப் போனாள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கலைமகளின் அப்பா வீரையன் வயலிலிருந்து வந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

“மெஷின்ல தெரியலன்னு சொன்னாங்க. மழை செஞ்சதுக்கு யார நோவறதுன்னு விட்டுட்டோம்.”

“தெரியாம இல்லீங்க. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டேன்.”

கட்டிலில் படுத்திருந்த கலைமகள் அவளையே பார்த்தாள். “ஒரு மணி அடிச்சிருந்தா நான் உக்காந்திருப்பேன், மேடம்.”



வீரையன் எழுந்தார். “வந்து சொன்னதுக்கு நன்றி சொல்லணும். என்னால முடியல. நீங்க கெளம்புங்க.”

வாசலைத் தாண்டும்போது கலைமகளின் குரல் கேட்டது. “இத எழுதிக் குடுங்க மேடம். எங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?”

வலங்கைமான் கடைத்தெருவில் காரை நிறுத்தி, விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். கல்யாணத்தின் வேலை போனது. அவளுடைய உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். ஆடியில் நிறுவனம் ஒரு சுற்றறிக்கை விட்டது: சிவப்புக்குப் பின்னால் தெரியும் கறுப்பையும் சிவப்பாகவே கொள்ள வேண்டும், இரு விமானிகளில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் ஒதுங்கிப் போக வேண்டும், மணியை முதலில் அடிக்க வேண்டும்.

அதை அவள் கலைமகளுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.