ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டால்

“கையை இறுக்கிப் பிடிங்க!” டாக்டரம்மா மூன்றாம் முறையாகக் காதருகே குனிந்து கத்தினார். அவர் கைக்குள் மெக்கானிக்கின் விரல்கள் அப்படியே கிடந்தன. வாயில் குழாய். நெஞ்சை இயந்திரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்னா கேக்க மாட்டாரும்மா,” என்றாள் கட்டிலின் மறுபக்கம் நின்ற மனைவி. “இத்தனை வருஷம் நான் சொல்லியே கேட்டதில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. காலையில் ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், தலை வெடிக்குதே என்று சொன்னதோடு சரி. மூளையில் ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி உப்பி உடைந்திருந்தது.

“வயசு, கசிஞ்ச ரத்தம், கொண்டுவந்தப்ப இருந்த நினைவு, எதுவுமே சாதகமா இல்லம்மா. ஒரு வார்த்தைக்காவது கட்டுப்பட்டார்னா ஆபரேஷனுக்குத் தூக்கிடுவேன். மயக்க மருந்தை நிறுத்தி நேரமாச்சு.”

மனைவி தன் தம்பியின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “அதட்டினா வேலைக்கு ஆகாது. ரோஷம் வரணும் அவருக்கு. நீ சொல்லுடா.”

“என்னத்தக்கா சொல்ல?”

“எதையாவது உளறு. எப்பவும் உளறுறவன்தானே!”

தம்பி கட்டிலருகே குனிந்தான். “மாமா, நீங்க பாதியில விட்ட எஞ்சின நான்தான் மாட்டினேன். ரெண்டு போல்ட்டு மிஞ்சிச்சு. தூக்கிக் கடாசிட்டேன்.”

“கேட்டீங்களா இவன் லட்சணத்த?” அவள் விரல்கள் கணவனின் தோளில் அழுந்தின. “நடுரோட்டுல நிக்கப்போவுது அந்த வண்டி. பேசாம இருக்கீங்களே! கைய இறுக்குங்க!”

கை அசைந்தது. முழங்கை மடங்கி, முஷ்டி நெஞ்சை நோக்கி மெல்ல ஏறியது.

“அடிக்க வர்றாருக்கா!” தம்பி அழுதுகொண்டே சிரித்தான்.

டாக்டரம்மா அவள் விரல்களைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது.

“இப்ப கிள்ளாம சொல்லுங்க.”

“ஏங்க, கைய இறுக்குங்க.”

இயந்திரம் மட்டும் மூச்சு விட்டது.

“ஏங்க...”

“வலிக்குத் தானா மடங்கினதும்மா அது. கேட்டு மடங்கல.” டாக்டரம்மா இமையை விலக்கி விளக்கடித்தார். ஒரு கண்ணின் பாவை சுருங்கவே இல்லை. அவர் குரல் மாறியது. “மறுபடி கசியுது. வெளிய இருங்க ரெண்டு பேரும்.”

சாயங்காலம் உள்ளே கூப்பிட்டார்கள். குழாய்களை எடுத்திருந்தார்கள். இயந்திரமும் நின்றிருந்தது, நெஞ்சும். நர்ஸ் வெளுத்த சட்டையொன்றை விரித்து, “கைய நுழைக்கணும், கொஞ்சம் பிடிங்க,” என்றாள். தம்பி நகர்ந்து வந்தான்.

“நீ விடுடா.”

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “இந்தாங்க, கைய நீட்டுங்க.”

கை இழுத்த இழுப்புக்கு வந்தது.

“அந்தக் கையையும்,” என்றாள்.