பால் காய்ச்சும் நாள்

கண்ணாயிரத்தின் உடலைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு புதுக் குடியிருப்பின் வராந்தாவில் கால் வைத்தார்கள். முனிசாமி கைகளை விரித்து மறித்தான்.

"எங்கப்பா தூக்கிக்கினு வர்றீங்க? நாளைக்கு பால் காய்ச்சப்போற எடம். மொதமொதல்ல பொணமா நுழையும்?"

கட்டிலின் கால்மாட்டைப் பிடித்திருந்த மகள் சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். முனிசாமி வேகவதி ஆற்றங்கரையில் பல வருஷமாக அவர்களுக்குப் பக்கத்துக் குடிசைக்காரன். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கருட சேவை காட்டியவன்.

வீடு தயார் என்று சொல்லித்தான் குடிசைகளைப் பிரித்தார்கள். பிறகு, மந்திரி வந்து திறக்கும்வரை யாரும் நுழையக்கூடாதென்று அதிகாரி பூட்டிவிட்டார். ஐப்பசி மழையில் எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியது. இன்று காலையில் மூச்சு நின்றுவிட்டது.

"வீட்டுக்குள்ள கேக்கல முனிசாமி," என்றாள் அம்மா பூவம்மாள். "வராந்தாவுல ஓரமா. நனையறாருப்பா. அவரு கட்டின செவுருதானே இது."

"கட்டினாரு, கூலி வாங்கினாரு. அதுக்கோசரம் எங்க புள்ளைங்களுக்குக் கேடு வரணுமா?"

பின்னால் நின்றவர்களில் யாராவது ஒருத்தர் பேசுவார்கள் என்று சம்பூர்ணம் காத்திருந்தாள். அவர்கள் கட்டிலை மணல் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அவள் சிமெண்டு சாக்குகளைப் பிரித்து அப்பாவின் மேல் போர்த்தினாள்.

மதியம் அதிகாரி குடையோடு வந்தார். மறுநாள் திறப்பு விழாவுக்குப் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம் எடுத்துடுங்கம்மா. மேளமெல்லாம் வேணாம்."

"அவரு தங்கச்சி திருமுக்கூடல்லேர்ந்து வந்துக்கினு இருக்குது சார்," என்றாள் அம்மா.

"அதுவரைக்கும் இங்கியே வச்சிருப்பியா? வீடு வேணுமா, வேணாமா?"

அம்மா முந்தானையைப் பிழிந்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள்.

"எடுத்துடலாம்," என்றாள்.

அத்தை வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. "எங்கண்ணன் மூஞ்சிய கூட பாக்க வுடலையேடி!" என்று அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள். அம்மா காரணம் சொல்லவில்லை.

மறுநாள் மேடையில் கண்ணாயிரம் என்று பெயர் வாசித்தார்கள். "நீ வராதேம்மா, தீட்டு. பொண்ணை அனுப்பு," என்றார் அதிகாரி. பெண்ணுக்கும் அதே தீட்டுதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சம்பூர்ணம் மந்திரியிடம் சாவியை வாங்கியபோது கைதட்டினார்கள். போட்டோக்காரர், "கொஞ்சம் சிரிம்மா," என்றார். சிரித்தாள்.

எல்லா வீட்டிலும் பால் பொங்கி முடியும்வரை அம்மா உள்ளே வரக்கூடாது என்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். சம்பூர்ணம் காலி அறையின் ஜன்னலருகே நின்றாள். வெளியே குழாயடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முனிசாமியின் மனைவி அங்கம்மாள் ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். கிட்டே போகாமல், எட்டவே தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் வாயில் எதுவும் படவில்லை. எழுந்து போய் எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு டம்ளரைக் குழாயில் நன்றாகக் கழுவி, அங்கம்மாள் வைத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.