அனுபவச் சான்று

மூன்றாவது முறையாக அவள் கேட்டபோதும் முதலாளி தலையை நிமிர்த்தவில்லை.

"அடுத்த வாரம் பார்க்கலாம்மா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார். அதுக்கு முந்தின வாரமும் இதேதான்."

"வேலை தலைக்கு மேல கிடக்கு. உனக்கு லெட்டர் எழுதறதுதான் இப்போ எனக்குப் பொழப்பா?"

பல் டாக்டர்கள் அனுப்பும் அளவுகளை வைத்து பல்செட்டும் கேப்பும் செய்துகொடுக்கிற கூடம் அது. ஆறு மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகு செதுக்கும் கத்தி, வாய்போலத் திறந்து மூடும் ஒரு பித்தளைத் தாடை. எல்லாவற்றின் மேலும் வெள்ளை பிளாஸ்டர் தூசி. ஆறு வருடம் நான்கு மாதமாக அந்தத் தூசியில் உட்கார்ந்து அவள் யார் யாருக்கோ பல் அடுக்கியிருக்கிறாள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் பல்லக்கா. 'இதை அந்தம்மாவே செய்யட்டும்' என்று சீட்டிலேயே எழுதி அனுப்புகிற டாக்டர்களும் உண்டு.

வெளிநாட்டில் இதேபோன்ற ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவனையும் பதினான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது. இத்தனை வருடம் இங்கே இந்த வேலை பார்த்தாள் என்று முதலாளி எழுதித் தரவேண்டிய சான்று ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். அன்று செவ்வாய்.

"நான் போறது பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க சார்."

"நீ போனா எனக்கென்ன? இன்னொருத்தி வருவா."

"அப்போ எழுதிக் குடுக்கறதுல என்ன கஷ்டம்?"

முதலாளி பேனாவை மேசைமேல் எறிந்தார். "என் உயிரை ஏன் எடுக்கற? உன் வீட்டுக்காரரைப் போய்க் கேளு. அவர்தான் எனக்கு போன் பண்ணினாரு. 'கொஞ்சம் இழுத்தடிங்க சார், தேதி தாண்டிட்டா அவளே அடங்கிடுவா'ன்னு கெஞ்சினாரு. உங்க வீட்டுச் சண்டைக்கு நான்தான் கிடைச்சேனா?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் சக்கரம் நின்றது. மற்ற மேசைகளின் ஐந்து பேரும் கையிலிருந்த வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். தன் வீட்டு அலமாரியை யாரோ தெருவில் கொட்டிவிட்டதுபோல இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவன் அங்கே இல்லை. இருந்தவர் முதலாளி.

"சார், கேப் ஊத்தறப்போ மிஞ்சற பழைய உலோகத்தைப் புதுசோட கலக்காம, திரும்பத் திரும்ப உருக்கி ஊத்தறோம். ஆறு மாசத்துல ஓட்டை விழுந்து திரும்பி வருது. டாக்டருங்க போன் பண்ணி என்னைத்தான் கேட்கறாங்க. 'நீங்க எடுத்த அளவு சரியில்லை டாக்டர்'னு உங்களுக்காக நானும் ஆறு வருஷமா பொய் சொல்றேன். நாளையிலேர்ந்து உண்மையைச் சொல்லட்டுமா?"

"மிரட்டறியா?"

"ஆமா."

இருபது நிமிடத்தில் கடிதம் வந்தது. வாங்கிப் படித்தாள். 'உதவியாளராகப் பணிபுரிந்தார்' என்றிருந்தது. திருப்பி நீட்டினாள். "நான் உதவியாளரா?" அவர் அதைக் கிழித்துப் போட்டு, 'பல்செட் டெக்னீஷியன்' என்று மறுபடி எழுதி, மேசை அதிர முத்திரை குத்தினார்.

"இனிமே இந்தப் படியை மிதிக்காத."

"மிதிக்கச் சொன்னாலும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கடிதத்தைப் பைக்குள் தள்ளி மூடினாள். ஓட்டை விழுந்த கேப்புகள் இன்னும் எத்தனையோ வாய்களில் இருந்தன. அந்த உண்மையை மறைப்பதாக விலை பேசித்தான் இந்தத் தாளை வாங்கியிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை.

வீட்டில் அவன் குழாயடியில் நின்று கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் பாதி அடுக்கிய மூன்று சூட்கேஸ்கள் வாய் பிளந்து கிடந்தன. அவள் உள்ளே வந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"உன் முதலாளி போன் பண்ணினாரு. அந்த மனுஷனை மிரட்டித்தான் வாங்கினியாமே. வெட்கமா இல்ல?"

பதினாறு வருடத்தில் அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"நீ பேசாத" என்றாள்.

அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸ்போர்ட்டுக்கு என்கூட வரிசையில நின்ன. சூட்கேஸ் வாங்கக் கடைகடையா அலைஞ்ச. சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போய், என் பொண்டாட்டிக்கு வேலை கிடைச்சிருக்குன்னு பெருமை பேசின. அன்னிக்கே அந்த ஆளுக்கும் போன் பண்ணியிருக்க. எப்படி முடிஞ்சுது உன்னால?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"ஏன் வரமாட்டேன்னாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பதினெட்டு வருஷமா லிஃப்ட் பார்க்கறேன். நான் கையெழுத்துப் போடாம இந்தப் பக்கம் எந்தக் கட்டடத்துலயும் லிஃப்ட் ஓடாது. அங்க என் லைசென்ஸ் வெறும் காகிதம். புதுசா அவங்க பாஷை படிச்சு, பரீட்சை எழுதி, ரெண்டு வருஷம் யாருக்கோ ஸ்பானர் எடுத்துக் குடுக்கணும். அதுவரைக்கும் நீ சம்பாதிப்ப, நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கணும்."

"நான் உட்கார்ந்திருந்தேனே மூணு வருஷம், இவ பொறந்தப்போ. அப்போ உனக்கு உறுத்தலையா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். உனக்கு நடந்தா மட்டும் அவமானம்."

அறைக் கதவு திறந்தது. மகள் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.

"அங்க எனக்குத் தனி ரூம் இருக்கும், ஜன்னல் பக்கமா மேஜை போட்டுத் தரேன்னு சொன்னீங்களேப்பா. அப்பவே போன் பண்ணிட்டீங்களா?"

அவன் குழாயை மூடினான். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

மறுநாள் காலை அவள் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து நிரப்பினாள். உடன் வருவோர் என்ற கட்டத்தில் மகளின் விவரத்தை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். எதிரே அவன் காபி டம்ளரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னை விட்டுட்டு எழுது" என்றான்.

"எழுதுவேனே. நான் கிளம்பின மறுநாளே, 'சம்பாதிக்கற திமிர்ல புருஷனைக் கழட்டி விட்டுட்டுப் போயிட்டா'ன்னு வீடு வீடாப் போய் அழுவ. அந்தச் சுகத்தை உனக்குக் குடுக்க மாட்டேன்." அவன் பெயரை எழுதி, தாளை அவன் பக்கம் தள்ளினாள். "கையெழுத்து உன்னுது. போடறதும் போடாததும் உன் பாடு. ஆனா போடலைன்னா, உன் பொண்ணுகிட்ட நீயே சொல்லிக்கணும்."

அவன் மூடிய அறைக் கதவைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிடுமோ என்றிருந்தது.

ஏழு வாரத்தில் மூவருக்கும் விசா வந்தது. அந்த ஏழு வாரமும் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வந்தது. "அப்பாவை சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லு." "அம்மாகிட்ட பீரோவுக்கு ஆள் வந்துட்டான்னு சொல்லு." நடுவே வீடு காலியாகிக்கொண்டே வந்தது. கட்டில் போனது. சோபா போனது. ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கத் திரும்பி உட்கார ஒரு நாற்காலிகூட மிஞ்சவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சூட்கேஸ்களை எடை போட்டார்கள். அவன் தன் பெட்டியில் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்தான். எடைக் கருவி ஒன்பது கிலோ கூடுதலாகக் காட்டியது.

"அப்பாகிட்ட சொல்லு. அங்க அது எதுக்கும் உதவாது, யாருக்காவது குடுத்துட்டு வரட்டும்" என்றாள் அவள்.

"அம்மாகிட்ட சொல்லு. அவங்க மெழுகுக் கத்தியெல்லாம் மட்டும் ரொம்ப உதவுமான்னு கேளு."

மகள் சூட்கேஸ் மூடியைப் படாரென்று அடித்தாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போன் ஒயரா? இனிமே நான் சொல்ல மாட்டேன். பேசணும்னா பேசுங்க, இல்லைன்னா இப்படியே ஊமையா வந்து சேருங்க." எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெறும் கூடத்தில் இருவரும் அந்தப் பெட்டியும்தான். அவன் ஸ்பானர்களைப் பார்த்தபடி இருந்தான்.

"பாதி எடுத்துடறேன்" என்றான் கடைசியில், சுவரைப் பார்த்து. "பாதியை உன் பெட்டில வைக்கட்டுமா? நாலு கிலோ இடம் இருக்கு அதுல."

"என் துணியை எடுத்துட்டு வச்சே, கையை உடைச்சிடுவேன்."

"எடுக்கல."

அவன் பெரிய ஸ்பானர்களைத் தனியே ஒதுக்கினான். சிறியவற்றை அவளுடைய பெட்டியின் ஓரமாகச் செருகினான். துணி மடிப்பு கலைகிறதா என்று அவள் பக்கத்தில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு கலைந்தது. உடனே அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நகரு. உனக்கு அடுக்கவே தெரியாது."

அவன் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே, மறுபடி முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள்.