கோளாறு எதுவும் இல்லை

மாட்டு டாக்டர் அந்தப் பெரிய வண்டியைப் பகட்டுக்காக வாங்கவில்லை. இருபது வருடம் ஓட்டை ஜீப்பில் பண்ணை பண்ணையாக அலைந்து அவர் இடுப்பு ஒரு வழியாகிவிட்டிருந்தது. "மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, உங்க இடுப்பை யாரு பாக்குறது? நல்லதா ஒண்ணு வாங்குங்க" என்று ஒற்றைக்காலில் நின்றது, கணக்கு டீச்சரான அவர் மனைவிதான். சீட்டு மெத்தை போல இருந்தது. எந்தக் குண்டு குழியும் உடம்புக்குத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் சுற்றி வந்து பார்த்தபோது அவருக்கும் பெருமையில் கொஞ்சம் தலை கிறுகிறுக்கத்தான் செய்தது.

முதல் மாதமே வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் சிவப்பாக ஏதோ மின்னும், எஞ்சின் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும். நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனார். குளுகுளு அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள், வண்டியைப் பளபளவென்று கழுவித் தந்தார்கள். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டோம் சார். கோளாறு எதுவும் இல்ல." நான்காம் முறை அவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஐந்தாம் முறை அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்றது. இரண்டே மாடுகளை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா போன் செய்திருந்தார்.

"டாக்டரே, செவலைக்கு விடியக்காலையிலேருந்து வலி. ஒரு காலுதான் வெளிய தெரியுது."

கன்றின் மறு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று கேட்டவுடனே அவருக்குப் புரிந்தது. "யாரும் புடிச்சு இழுக்காதீங்க. இருபது நிமிஷத்துல வந்துடுறேன்."

பாதி வழியில், ஆளரவமற்ற சாலையில், எஞ்சின் அடங்கியது. உதவி எண்ணில் ஓர் இனிய குரல் வண்டியின் பதினேழு இலக்க எண்ணை நிதானமாகக் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், ஓடினார், கடைசியில் ஒரு தீவன லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மாட்டைக் காப்பாற்றிவிட்டார். கன்று செத்துத்தான் வந்தது. நல்ல வளர்த்தியான கிடேரிக் கன்று.

அந்த அம்மா அதன் முகத்தைச் சாக்கால் துடைத்துவிட்டார். "நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டரே, வண்டி நின்னுடுச்சு. இந்தாங்க, தண்ணி குடிங்க."

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீரை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தார்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில், டை கட்டிய அட்வைசர் புகார்ச் சீட்டில் எழுதினார்: 'ஓடும்போது நிற்பதாக வாடிக்கையாளர் கூறுகிறார்.'

"கூறுகிறாரா? நின்னுச்சுன்னு எழுதுங்க."

"எங்க கண்ணு முன்னாடி நிக்காம அப்படி எழுத முடியாது சார்."

"அப்ப என்கூட வாங்க. நிக்கிற வரைக்கும் ஓட்டுவோம்."

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுக்க வழியில்லாமல் அட்வைசர் ஏறினார். ஒரு மணி நேரம் வண்டி பூப்போல ஓடியது. அட்வைசரின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்க்க, டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு, ஒரு பாலத்தின் நடுவில், சிவப்பாக மின்னியது.

பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. அட்வைசர் தங்கள் உதவி எண்ணையே அழைத்தார். "பதினேழு இலக்க எண்ணா? மேடம், நான் சர்வீஸ் சென்டர் ஆளுதாங்க!" சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். டாக்டர் கன்றைப் பற்றிச் சொன்னார். குரலை உயர்த்தாமல், மடங்கிய காலை எப்படி நேராக்கினார் என்பதுவரை சொன்னார்.

அட்வைசர் டையைத் தளர்த்தினார். "சார், உங்க வண்டி மட்டும் இல்ல. இதே மாதிரி ஏழு வண்டி வந்திருக்கு. கோளாறுன்னு எழுதினா கம்பெனி செலவுல பார்ட்டை மாத்தித் தரணும். எழுதாதீங்கன்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க." பிறகு சீட்டை எடுத்து, முந்தைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'ஓடும்போது நின்றது. நான் உடனிருந்தேன்.' நேரம் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று டாக்டருக்குத் தோன்றவே இல்லை.

ஏழு வாரம் இழுத்தடித்துப் பார்ட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அட்வைசர் அங்கே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு மழுப்பினார்கள். வண்டி அதன்பின் நிற்கவில்லை. ஆனாலும் சிக்னலில் எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் அவர் கண் வண்டியின் திரைக்குப் போனது.

ஒருநாள் அந்த அம்மா மறுபடி போன் செய்தார். "மத்த மாடு ரெண்டு நாள்ல கன்னு போட்டுடும் டாக்டரே. அவசரம் ஒண்ணுமில்ல." சற்றுத் தயங்கினார். "கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுறீங்களா?"

அதில் குத்தல் ஏதும் இல்லை. அதனாலேயே நெஞ்சில் தைத்தது. இரண்டு நாளும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலையிலேயே பஸ் பிடித்துப் போய்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் நண்பகலில் கன்று யார் உதவியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தலையை உதறியது. அவருக்குச் செய்ய வேலையே இல்லை. இருந்தாலும் வாளித் தண்ணீரில் கையை முழங்கைவரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.