வண்டியில் ஒருவருக்குத்தான் இடம்

1.
இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடமிருந்து எடுத்தது. அவள் சிறை மருத்துவமனையில் நர்ஸ். அங்கே பதினொரு மாதமாக டாக்டர் பணியிடம் காலி. வேறொரு சிறையின் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வந்து போவார். நடந்தது ஒரு சனிக்கிழமை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உயர்ந்த மதில்களுக்குள்ளே ஒரு வெள்ளுடை தேவதை' — அக்கா சிரிப்பாள். விட்டுவிட்டேன்.

2.
காலையில் இரண்டு கைதிகள் வந்தார்கள்; ஒருவருக்குச் சிறைக்குள் தையல் வேலை, இன்னொருவருக்குச் சமையல் வேலை. தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினார். வெளியே போய்வருவதற்காக ஏற்கெனவே இரண்டு முறை வலி என்று நடித்தவர். சமையல்காரர் நெஞ்சு லேசாக அடைக்கிறது என்று சொல்லிவிட்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமென்றால், கூடப் போகக் காவலர்கள் இருந்தது ஒரு கைதிக்குத்தான்; வண்டியில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். அக்கா டாக்டருக்கு மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

(அவரைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். மூன்று சிறைகளை அவர் ஒருவரே பார்க்கிறார் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன்.)

நெஞ்சுவலியைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். தையல்காரரை அனுப்பினாள்.

3.
ஏன்? 'அனுபவம் மிக்க அவள் கண்கள் அவர் முகத்தில்' — இல்லை. அவள் என்னிடம் சொன்னது வேறு.

"அந்தக் கத்தலைத் தாங்க முடியலடா. கண்ணு முன்னாடி இல்லாம போனாப் போதும்னு இருந்துச்சு."

தையல்காரருக்குக் குடல்வால் வெடிக்க இருந்ததாம். அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். மேலதிகாரி எல்லார் முன்னாலும் அக்காவைப் பாராட்டினார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

4.
கதைக்கு இது போதாதென்று பட்டது. சமையல்காரரை பெஞ்சிலேயே சாகடித்தேன். அக்கா படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள்.

"அந்த மனுஷன் நல்லாத்தான் இருக்கார். நேத்துகூட மாத்திரை வாங்கிட்டுப் போனார். அவரை ஏன்டா கொன்னே?"

கதைக்காக என்றேன்.

"அன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் நானும் மனசுக்குள்ள அவரைக் கொன்னுக்கிட்டேதான் இருந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நாடி பிடிச்சுப் பார்த்தேன்."

5.
சமையல்காரரைப் பிழைக்க வைத்து எழுதினால் அக்கா கெட்டிக்காரி. சாகவிட்டால் குற்றவாளி. இரண்டிலும் அவள் செய்தது ஒன்றேதான். எனக்குக் குழம்புகிறது.

"நீ எழுதுறவன்தானே, சொல்லு. நான் செஞ்சது சரியா, தப்பா?"

'அக்கா, நீ செய்தது' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அங்கே இன்னும் டாக்டரைப் போடவில்லை. செருப்பை மாட்டி முடிப்பதற்குள் நீங்கள் யாராவது இந்த வாக்கியத்தை முடித்துக் கொடுத்தால், கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.